இரண்டாம் ஓலையில் எழுந்து நின்றவள்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 அக்டோபர் 2024

புனிதாவுக்கு,

அன்புள்ள என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. நாங்கள் இங்கே நலமாகத்தான் இருந்தோம், நேற்று ஞாயிறு பூசை முடியப் போகும் நேரம் வரைக்கும்.

உன் எண்ணைத் தொலைபேசியில் தடுத்துவிட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் திட்ட வேண்டியது பாதிக்கு மேல் மிச்சம் இருப்பது தெரிந்தது. ஆகவே கடிதம்.

நம் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மூன்று ஓலை வாசிப்பது உனக்குப் புதிதா? "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று பாதர் வாசிப்பார். ஆண்கள் பையில் கார்ச் சாவியைத் தேடுவார்கள், பெண்கள் பிள்ளையின் செருப்பைத் தேடுவார்கள். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒருவர் வாயைத் திறந்ததில்லை. அது கேள்வியே இல்லை. பூசை முடிகிறது, கிளம்புங்கள் என்பதற்கு அடையாளம்.

என் மகள் பிரிசில்லாவுக்கும் ஈப்போ ரூபனுக்கும் இரண்டாம் ஓலை வாசிக்கிறபோது நீ கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாய். கழிப்பறைக்குப் போகிறாய் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியும் பாதர்" என்று சொன்னாயே, கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துவிட்டார். பாதர் சின்ன வயசு. இதற்கு என்ன செய்வது என்று புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார், அதில் எதுவும் இல்லை. பாடகர் குழு பயந்துபோய்க் கடைசிப் பாட்டை ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியம்மா இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார், ஈப்போவிலிருந்து வந்திருந்தார், நம் வீட்டுப் பிரியாணிக்கு.

சரி, எழுந்தாய். பின்னறையில் பாதர் கேட்டாரே, என்ன சொன்னாய்? அவனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டா? இல்லை. நெருங்கிய சொந்தமா? இல்லை. "பிள்ளைக்கு இஷ்டமில்லை பாதர்." அவ்வளவுதான். பாதர் பிரிசில்லாவைக் கூப்பிட்டார். "எனக்குச் சம்மதம்தான் பாதர்" என்று அவள் வாயாலேயே சொன்னாள். நான், உன் அண்ணி, பாதர், நீ, எல்லாரும் கேட்டோம். உன் முகத்தில் பொய்க்காரி என்று எழுதி ஒட்டாதது ஒன்றுதான் பாக்கி.

ரூபன் வேறு மறைமாவட்டத்துக்காரன் என்பதால் கோப்பு ஆயர் அலுவலகம் வரை போய் வந்தது உனக்குத் தெரியும். அதில் குத்தியிருந்த முத்திரையைப் பெருமையாக உனக்குக் காட்டினேன். நிஹில் ஒப்ஸ்தாத். பாதருக்குப் படிக்கப் போன பினாங்கு குருமடத்தில் நாலு வருஷம் லத்தீன் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒப்ஸ்தாரே என்பது வினைச்சொல். 'ஒப்' என்றால் எதிரே. 'ஸ்தாரே' என்றால் நிற்பது. நாம் ஸ்தலம், ஸ்தாபனம் என்கிறோமே, அந்த வடமொழி வேரும் இதுவும் ஒன்றுவிட்ட உறவு. ஆக ஒப்ஸ்தாரே என்றால் எதிரே போய் நிற்பது, வழிமறிப்பது. நிஹில் ஒப்ஸ்தாத் என்றால் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. ஆயர் அலுவலகமே எதுவும் நிற்கவில்லை என்று முத்திரை குத்திய இடத்தில் கிள்ளானிலிருந்து நீ ரயிலேறி வந்து நின்றாய். ஆங்கிலத்தில் பிடிவாதக்காரரை ஓப்ஸ்டினட் என்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். உனக்கென்றே பிறந்த குடும்பம்.

அவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் நீ என்பதற்காக அவள் உன் பிள்ளை ஆகிவிடமாட்டாள். நவம்பர் பதினாறாம் தேதி கல்யாணம் நடக்கும். நீ வரவேண்டாம்.

இப்படிக்கு,
ம. ஜெயராஜ்
ஓய்வு பெற்ற ஆசிரியர்


கிள்ளான்,
18 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

கூடப் பிறந்த தங்கைக்கு 'ஓய்வு பெற்ற ஆசிரியர்' என்று கையெழுத்துப் போட்டு எழுதிய அண்ணன் இந்த மலேசியாவிலேயே நீங்கள் ஒருத்தராகத்தான் இருப்பீர்கள். பதவி ஓய்வு பெற்றாலும் பிரம்பு ஓய்வு பெறவில்லை.

முதலில் பிரியாணி. நானும் அன்று அதற்காகத்தான் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காதென்று கொமியூட்டர் ரயிலில் வந்தேன். பின்னறையிலிருந்து வெளியே வந்தபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பிப் போகிற ரயிலில் பசியோடு உட்கார்ந்து கிள்ளான் வரைக்கும் வந்தேன். அதைக் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை, பரவாயில்லை.

கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்தார்கள். நான் கடமையைச் செய்தேன். அது கேள்வி இல்லை, அடையாளம் என்கிறீர்கள். அப்படியானால் அதை வாசிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் எல்லாரும் செருப்பைத் தேடலாம். பூசை முடிந்த பிறகு பாதரைத் தனியாகப் பார்த்திருக்கலாம் என்று அண்ணி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பார்த்திருக்கலாம்தான். பாதர் உங்களைக் கூப்பிட்டிருப்பார், நீங்கள் பத்து நிமிஷம் லத்தீன் பேசியிருப்பீர்கள், விஷயம் அங்கேயே புதைந்திருக்கும்.

எனக்குச் சம்மதம் என்று அவள் சொன்னாள். நான் இல்லையென்று சொல்லவில்லை. அப்போது அண்ணி அவள் முழங்கையைப் பிடித்திருந்ததை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவள் பாதரைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

முத்திரையைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். நான் துறைமுகத்தில் தலைமைக் கிராணி, சரக்குக் கணக்கு எழுதுகிறவள். முத்திரை குத்தின பெட்டிக்குள் எதெல்லாம் இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். அந்த முத்திரை குத்தினவர் பிரிசில்லாவை ஒரு தடவை பார்த்திருப்பாரா? பேச்சுக் கொடுத்திருப்பாரா?

அவளை முதலில் கையில் வாங்கியதைக் குத்திக் காட்டியிருக்கிறீர்கள். கிள்ளானில் வெள்ளம், வாசலில் முழங்கால் தண்ணீர், அண்ணிக்கு வலி. நீங்கள் பந்திங் பள்ளியில் பரீட்சை மேற்பார்வை. பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா ஒரு காலத்தில் நர்ஸ், அவர் அண்ணியின் தலைமாட்டில் இருந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் கால்மாட்டில் நின்று வாங்கினேன். பிள்ளை வழுக்கியது, ஆனால் கையை விடவில்லை. அதை வைத்து நான் உரிமை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்ததை நான் எழுத முடியாது, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்களே கேளுங்கள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அவள் உடம்பெல்லாம் நனைந்து வீட்டுக்கு வந்தாளே, என்ன நடந்தது என்று கேளுங்கள். அண்ணி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.

இன்னும் உங்கள் தங்கைதான்,
புனிதா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
21 அக்டோபர் 2024

புனிதாவுக்கு,

நேற்று மூன்றாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது. தடை ஏதேனும் என்று பாதர் ஆரம்பித்ததும் கோயிலில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. உன் புண்ணியத்தில் அந்த வரியை நம் பங்கு மக்கள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவனமாகக் கேட்டார்கள், அதற்கு உனக்கு ஒரு நன்றி.

நீ சொன்னபடி கேட்டேன். கிராப் வாடகைக் கார் வழியில் நின்றுவிட்டது, நனைந்துவிட்டேன் என்றாள். இதற்குத்தானா இவ்வளவு மர்மம்?

நீ என் முத்திரையைக் கேலி செய்தாய், ஆகவே இன்னொன்று சொல்கிறேன். எதிர்ப்பதற்கு லத்தீனில் ஒரு சொல் மட்டும் இல்லை. ஒப்போனெரே என்று ஒன்று உண்டு. அது எதிரே ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது. வாதம் வை, சாட்சி வை, அதற்கு எதிராக நான் ஒன்று வைக்கிறேன். படித்தவர்கள் அப்படித்தான் எதிர்ப்பார்கள். ஒப்ஸ்தாரேவில் வைக்க எதுவும் இல்லை, ஆள் போய் நிற்பதுதான். நடுரோட்டில் மாடு நிற்கிற மாதிரி. நீ செய்தது அதுதான். உன் கையில் வாதமும் இல்லை, சாட்சியும் இல்லை, வெறும் உன் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்தினாய்.

இதை எழுதவேண்டாம் என்று உன் அண்ணி சொன்னாள், எழுதுகிறேன். உன் வாழ்க்கை உனக்கு அமையவில்லை. செத்துப்போன உன் வீட்டுக்காரரைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் தனக்குக் கிடைக்காதது தன் வீட்டுப் பெண்ணுக்கும் கிடைக்கக்கூடாது என்று ஒருத்திக்குத் தோன்றினால் அதற்குப் பெயர் அக்கறை இல்லை. அவளுக்கு முப்பத்தொரு வயது. ரூபன் நல்ல வேலையில் இருக்கிறான், குடிப்பதில்லை, பூசை தவறுவதில்லை. இதற்கு மேல் நான் எங்கே போய்த் தேடுவது?

குடும்பத்துப் பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் சேலை எடுத்ததில் உன்னுடையதும் தையல்காரரிடம் ரவிக்கையோடு கிடக்கிறது. அம்பாங் கடை, உனக்குத் தெரியும். போய் வாங்கிக்கொள். கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு வராதே.

ம. ஜெயராஜ்


கிள்ளான்,
26 அக்டோபர் 2024

அண்ணே,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அரை நாள் விடுப்புச் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்கக்கூடாது என்று நான் நினைக்கிறேனாம். ஆமாம், ஒருவிதத்தில் சரிதான். எனக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கக்கூடாது.

என் வாக்கை நான் உடைக்கிறேன். பிரிசில்லா என்னை மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் சரி. நீங்கள் சாட்சி கேட்டீர்கள், வைக்கிறேன்.

ஆகஸ்டில் அந்தச் சனிக்கிழமை மதியம் ரூபன் அவளை அவள் வேலை செய்கிற பெட்டாலிங் ஜெயா கிளினிக்கிலிருந்து ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடமாட்டேன் என்று அவள் வழியில் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் பேச்சு. சுங்கை வே தாண்டி ஃபெடரல் ஹைவேயில் காரை ஓரமாக நிறுத்தி, இறங்கு என்றிருக்கிறான். நல்ல மழை. விளையாட்டென்று நினைத்து இறங்கியிருக்கிறாள். போய்விட்டான். அவள் தொலைபேசியும் பையும் அவன் காரில். காரில் ஏறினால் அவள் தொலைபேசியை அவன் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கமாம், இதையும் அன்றுதான் சொன்னாள்.

மோட்டார்சைக்கிள் பாதையில் நடந்து பாலத்துக்கு அடியில் போயிருக்கிறாள். மழைக்கு ஒதுங்கிய மோட்டார்சைக்கிள்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் தொலைபேசியைக் கொடுத்தார். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் என் வீட்டுப் பழைய எண், சின்ன வயதில் நான் பாட்டாகப் பாடிச் சொல்லிக்கொடுத்தது. அதனால்தான் எனக்குக் கூப்பிட்டாள். நான் போனபோது அத்தனை ஆண்களுக்கு நடுவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெரியவர் தன் மழைக்கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டு நனைந்துகொண்டிருந்தார். காரில் ஏறியதும் அவள் கேட்டது, "அத்தை, நான் என்ன தப்பா பேசிட்டேன்?" அந்தக் கேள்விதான் அண்ணே எனக்குத் தாங்கவில்லை.

அப்பாவிடம் சொல்லாதீர்கள், கார்டு அடித்தாகிவிட்டது, அப்பா ஊர் பூரா சொல்லிவிட்டார், அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு என்று உங்கள் தெருமுனையில் இறங்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் பின்னறையில் பாதர் கேட்டபோது எனக்கு வாதமும் இல்லை, சாட்சியும் இல்லை. உடம்பு மட்டும் இருந்தது. அதைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மாடு என்றீர்கள். மாடாகவே இருந்துவிட்டுப் போகிறேன். மாடு நின்றால் வண்டியாவது நிற்கும்.

இன்னொன்றும் சொல்லி முடித்துவிடுகிறேன், நாற்பது வருஷமாகத் தொண்டையில் இருக்கிறது. என் கல்யாண ஓலையை யார் வாசித்தது? அப்போதிருந்த வெள்ளைக்காரப் பாதருக்குத் தமிழ் வராது, விடுமுறையில் வந்திருந்த குருமட மாணவரை வாசிக்கச் சொன்னார். வெள்ளை அங்கி, கணீரென்று குரல். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் ஓலைக்கு முந்தின நாள் சமையலறையில் உங்களிடம் சொன்னேன், எனக்கு அந்த ஆளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது அண்ணே என்று. அம்மா தாங்கமாட்டார் என்றீர்கள். மறுநாள் அந்தக் குரலில் நீங்களே வாசித்தீர்கள், தடை ஏதேனும் அறிந்தவர்கள் என்று. மூன்று ஞாயிறும் வாசித்தீர்கள். நான் மூன்று ஞாயிறும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒப்போனெரே என்று எழுதினீர்களே, எதிரே ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது என்று. அது உங்களுக்கு நன்றாக வரும். அப்போது அம்மாவைக் கொண்டுவந்து வைத்தீர்கள், இப்போது ரூபனின் வேலையை வைக்கிறீர்கள், ஆயரின் முத்திரையை வைக்கிறீர்கள், அவள் வயதை வைக்கிறீர்கள். நீங்கள் மட்டும் எங்கேயும் நிற்கமாட்டீர்கள்.

புனிதா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
30 அக்டோபர் 2024

புனிதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன், கிழித்துப் போட்டுவிட்டேன்.

ரூபனைக் கூப்பிட்டு நேரடியாகக் கேட்டேன். மறைக்கவில்லை, சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். "சும்மா ஒரு பாடம் லா அங்கிள். யூ-டர்ன் அடிச்சு வந்து பாத்தேன், அவ இல்ல." அவன் திரும்பி வந்திருக்கிறான். இவள்தான் நடந்து போய்விட்டாள். பிரிசில்லாவிடமும் கேட்டேன். துணி தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிராமலே, "அதெல்லாம் முடிஞ்சு போச்சுப்பா" என்றாள். முடிந்துபோனது என்று அவளே சொல்கிறாள், நீ யார் ஆரம்பிக்க? கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் சண்டை போடுவார்கள், சேர்ந்துகொள்வார்கள்.

ஓலை வாசித்ததைப் பற்றி எழுதியிருக்கிறாய். வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். இருபத்தைந்து வயதில் எனக்கு என்ன அதிகாரம் இருந்தது?

இனி எழுதாதே.

ம. ஜெயராஜ்


கிள்ளான்,
9 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது கடைசி, பதில் போட வேண்டாம்.

பாடம் என்றானாம். நீங்கள் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் சொல்லிக்கொடுத்தவர். உங்கள் பிரம்புக்குப் பயந்து காற்சட்டையை நனைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் பிள்ளையையாவது மழையில் ஹைவேயில் இறக்கிவிட்டுப் பாடம் சொன்னீர்களா? பள்ளிப் பயணத்தில் ஒரு பிள்ளை பஸ் ஏறவில்லை என்று மலாக்காவில் நீங்கள் பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு தேடின கதையை எத்தனை தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அது ஊரார் பிள்ளை. இது உங்கள் பிள்ளை.

அதிகாரம் இல்லை என்றீர்கள். எழுந்து நிற்பதற்கு எனக்கு மட்டும் யார் அதிகாரம் கொடுத்தது?

அம்பாங் கடையில் சேலையை வாங்கிக்கொண்டேன். நல்ல நிறம்தான், அண்ணியின் தேர்வு. பதினாறாம் தேதி நான் வரமாட்டேன், வந்தால் மறுபடியும் எழுந்துவிடுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. அன்று வீட்டில்தான் இருப்பேன். கேட்டைப் பூட்டமாட்டேன். இதை அவளிடம் நான் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

உங்களோடு எனக்குப் பேச்சு முடிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள் என்று எழுத வந்தது, அதையும் எழுதிவிட்டேன், பழக்கதோஷம்.

புனிதா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
17 நவம்பர் 2024

புனிதா,

நேற்று நண்பகல் உன் வீட்டு வாசலில் பூங்கொத்தும் ரிப்பனும் கட்டின காரில் அவளை இறக்கிவிட்டுவிட்டு நான் இறங்காமல் திரும்பிவிட்டேன். நீ வெளியே வந்து பார்த்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்தச் சேலையை நீ கட்டியிருந்தாய். என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, உன்மேல் கோபமும் போகவில்லை. இரண்டும் உண்மை. அவள் உன்னிடம் என்ன சொன்னாளோ தெரியாது. அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

உன் கடைசிக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. பாடம் என்று நீ எழுதிய வரி ஒரு வாரமாக என்னைச் சாப்பிடவிடவில்லை. ஆனாலும் மண்டபத்துக்குப் போனேன், பூக்காரரோடு சண்டை போட்டேன், எல்லா வேலையும் செய்தேன். கல்யாணம் என்பது தானாக ஓடுகிற வண்டி, ஏறிவிட்டால் யாருக்கும் எங்கே பிடித்து நிறுத்துவது என்று தெரிவதில்லை.

காலையில் கோயில் வாசலில் கார் நின்றது. உன் அண்ணி இறங்கி உள்ளே போனாள். நான் இறங்கி அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். பிரிசில்லா இறங்கவில்லை. அழவும் இல்லை. மடியில் பூங்கொத்தை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆர்கன் வாசிக்க ஆரம்பிச்சிட்டாங்கம்மா" என்றேன். கால் செருப்பைக் கழற்றி வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

தாமதமாகிறதே என்று ரூபன் உள்ளேயிருந்து வந்தான். ஈப்போவிலிருந்து வந்த பெரியவர்கள் பின்னால் வந்தார்கள். அவன் என்னைத் தாண்டிக் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "வா லா, எல்லாரும் காத்திருக்காங்க" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், சிரித்துக்கொண்டுதான். ஆனால் அவன் கை பிடித்த இடத்தில் அவள் தோல் வெளுத்துப்போனது. நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

நான் வாதம் எதுவும் வைக்கவில்லை புனிதா. அவன் கையை எடுத்துவிட்டு, காருக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். கோட்டு, கழுத்துப் பட்டை, பையில் பூ. அப்படியே நின்றேன். "அங்கிள், ஒதுங்குங்க" என்றான். நின்றேன். மாப்பிள்ளையின் பெரியம்மா கத்தினார், கல்யாணத்துக்கு வந்த முந்நூறு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். உன் அண்ணி ஓடி வந்து என்ன பண்றீங்க என்று என் கையை இழுத்தாள். என்ன பண்ணுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பின்னாலிருந்து பிரிசில்லாதான் பேசினாள். "அப்பா, அத்தை வீட்டுக்குப் போலாம்பா."

ஃபெடரல் ஹைவே வழியாகத்தான் வந்தோம். முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். சுங்கை வே தாண்டியதும், இங்கேதான்பா என்று கை காட்டினாள். பாலத்தையும் காட்டினாள். நான் காரை மெதுவாக்கவில்லை, வேகமாகத்தான் ஓட்டினேன், கண் சரியாகத் தெரியவில்லை.

இங்கே வீடு வீடாக இல்லை. உன் அண்ணி என்னோடு பேசவில்லை. ஈப்போக்காரர்கள் போலீஸ் வரைக்கும் போவோம் என்கிறார்கள், போகட்டும். பாதர் மட்டும் வந்து கோப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த முத்திரை இன்னும் அப்படியே இருக்கிறது. எதுவும் குறுக்கே நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டு இருக்கிறது.

உன்மேல் எனக்கு என்ன கோபம் என்றால், நீ அந்த ஹைவே விஷயத்தை ஆகஸ்டிலேயே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வாக்காம் வாக்கு. என் பிள்ளை மழையில் நின்றதை நான் இரண்டு மாதம் கழித்துத் தபாலில் படிக்கிறேன். இதற்கு உன்னை நான் சுலபத்தில் விடப்போவதில்லை. உன் ஓலையைப் பற்றி நீ எழுதியதை, நான் கிழித்த அந்தக் கடிதத்தைக் குப்பையிலிருந்து எடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்று காலை பூசைக்குப் போகவில்லை. குருமடத்தில் வாங்கின பழைய லத்தீன் அகராதியை எடுத்து ஒப்ஸ்தாரேவைத் திரும்பப் பார்த்தேன், நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது சரிதானா என்று. சரிதான். ஆனால் அதற்குக் கொஞ்சம் மேலே, அதே பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. குருமடத்தில் அதை யாரும் எங்களுக்கு நடத்தவில்லை, எங்களுக்கு எதற்கு அது? ஒப்ஸ்தெத்ரிக்ஸ். அதே எதிரே நிற்பதிலிருந்து பிறந்த சொல். எதிரே நிற்கிறவள் என்று பொருள். பிள்ளை பிறக்கும்போது தாய்க்கு எதிரே நின்று, விழாமல் கையில் வாங்குகிறவள். மருத்துவச்சி.

வெள்ளத்தன்று நீ கால்மாட்டில் நின்றதாக எழுதியிருந்தாய். நான் அப்போது பந்திங்கில் பரீட்சைத் தாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கூப்பிடாதே, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, போனில் கத்திவிடுவேன். அவள் ராத்திரி சாப்பிட்டாளா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அண்ணன்